பனி உருகும்வரை

ஜப்பான் குளிர்காலம் என்றாலே நம் ஆட்களின் பயணக் குறிப்புகளில் ஒரே படம்தான்: வெள்ளைக் கூரை, ராமென் ஆவி, பனியைக் கையில் அள்ளிச் சிரிக்கும் முகம். ஹிரோஷி ஒகுயாமாவின் ‘மை சன்ஷைன்’ (2024) அப்படியொரு அழகில்தான் தொடங்குகிறது. பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே முதல் பனி விழ, தக்குயா என்ற சிறுவன் ஆட்டத்தை மறந்து அண்ணாந்து பார்க்கிறான். ஒகுயாமா அந்தப் பனியைக் காலக்கெடுவாக வைக்கிறார். அது இருக்கும்வரைதான் கதை.

குளிர் வந்தால் அந்த ஹொக்கைடோ ஊர்ப் பையன்கள் ஐஸ் ஹாக்கிக்கு மாறிவிடுவார்கள். திக்கிப் பேசும் தக்குயா அதிலும் சுமார்தான். ஒருநாள் ரிங்கில் சக்குரா என்ற பெண் டெபுஸியின் இசைக்கு ஸ்கேட்டிங் செய்வதைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறான். அவளுடைய பயிற்சியாளர் அரகாவா இவனைக் கவனிக்கிறார். தன் பழைய ஸ்கேட்ஸைக் கொடுத்து, இருவரையும் ஐஸ் டான்ஸ் ஜோடியாக்குகிறார். உறைந்த ஏரியில் மூன்று பேரும் பயிற்சி என்ற பேரில் விளையாடித் தீர்க்கும் காட்சிதான் படத்தின் உச்சம்.

ஒகுயாமா சிறுவயதில் ஸ்கேட்டிங் கற்றவர், ஒளிப்பதிவும் அவரே. போட்டி ஒளிபரப்புகளில் நாம் தாவல்களை எண்ணிக்கொண்டிருப்போம். இங்கே பிளேடு ஐஸைக் கீறும் சத்தமும், ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் வளைந்துகொடுப்பதும்தான் கண்ணில் படுகின்றன.

பிறகு, அரகாவாவை அவருடைய ஆண் துணையோடு சக்குரா பார்த்துவிடுகிறாள். முகத்துக்கு நேராக அருவருப்பாகப் பேசுகிறாள். தேர்வு நாளில் அவள் வருவதில்லை. அரகாவா ஊரைவிட்டுப் போகிறார். பனி உருகுகிறது.

இங்கேதான் எனக்குப் படத்தோடு சண்டை. ஏரிக்கு விழுந்த அதே மென்வெளிச்சம் இந்தக் கொடுமைக்கும் விழுகிறது. வசந்தம் வந்தது, அவர் போனார் என்று இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும்போது, அவர் போனதும் பருவத்தின் வேலை போலத் தோன்றிவிடுகிறது. பனி தானாக உருகும். அரகாவா தானாகப் போகவில்லையே!

ஜூரோங்காரனுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும். எங்கள் ஐஸுக்குப் பருவம் கிடையாது. ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப் கடைத்தொகுதியில் 2012 முதல் ஒலிம்பிக் அளவு ரிங்க் இருந்தது, 60க்கு 30 மீட்டர். வெளியே 32 டிகிரி வெயில்; உள்ளே, ஐஸுக்கு அடியில் ஓடும் குழாய்களில் குளிர்திரவம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்ரெசர் நின்றால் குளம்தான். 2023 ஆகஸ்டில் அது போனது, வெயிலால் இல்லை. யாரோ முடிவெடுத்தார்கள், அறிவிப்பு வந்தது, மூடினார்கள். அந்த இடத்தில் கொண்டோ வருகிறது. ஐஸ் போனால் யார் நிறுத்தியது என்று கேட்பது எங்களுக்குப் பழக்கம். படம் அதைக் கேட்பதே இல்லை.

அது ஜப்பானியச் சிற்றூரின் பிரச்சினை மட்டுமா? சிங்கப்பூரில் 377ஏ சட்டப்பிரிவு 2022இல் நீக்கப்பட்டது. ஆனாலும் ஒரு வாத்தியாரைப் பற்றி இப்படியொரு பேச்சு கிளம்பினால், டியூஷன் வாசலில் நிற்கும் அம்மா அப்பாக்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். சத்தமே இருக்காது. அடுத்த மாதம் வேறு வாத்தியார் இருப்பார்.

போன ஜனவரியில் சப்போரோ போனபோது நான் அதிகம் படமெடுத்தது சாலைச் சந்திப்புகளில் இருக்கும் மணல் பெட்டிகளை. உள்ளே சின்னச் சின்னப் பொட்டலங்கள். நடந்துபோகிறவர்களே எடுத்து வழுக்கும் இடத்தில் தூவிவிட்டுப் போகலாம், பின்னால் வருபவர் விழாமலிருக்க. பனியோடு வாழும் ஊர் எல்லாவற்றையும் பருவத்திடம் விட்டுவிடுவதில்லை. அரகாவாவுக்காக ஒரு பிடி மணல் தூவ அந்தக் கதையில் ஒருவர்கூட இல்லை.

இத்தனைக்குப் பிறகும் படத்தைப் பாருங்கள் என்றே சொல்வேன். வசந்தத்தில், பனியில்லாத சாலையில், தக்குயாவும் சக்குராவும் எதிரெதிரே வருகிறார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். அங்கே படம் முடிகிறது. திக்கும் பையன் அவன், நேரமாகும். அந்த நேரத்தைப் படம் அவனுக்குத் தந்திருக்கலாம்.