பழமொழிக்குப் பொருள் சொன்னால் போதுமா?

பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துபோன ஒருவரிடம் பேச்சைப் பற்றி வாட்டில் யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. பேர் கேட்டால் சொல்கிறார், கண்ணை மூடச் சொன்னால் மூடுகிறார், பேனையைக் காட்டினால் பேனை என்கிறார். மொழிக்கு இடது மூளையே பொறுப்பு என்று 1865இல் போல் புரொக்கா எழுதிய நாள் முதல், இப்படி வலது மூளையில் அடிபட்டு இடப்பக்கம் விழுந்தவருக்குப் பேச்சில் குறைவில்லை என்று எழுதிவிடுவது எளிதாகிவிட்டது. உலகெங்கும் பயன்படும் என்.ஐ.எச். பாரிசவாத அளவுகோலும் அதே சாய்வு கொண்டதுதான். அதன் 42 புள்ளிகளில் 7 மொழியோடு தொடர்புடையவை. வலது மூளைப் பாதிப்பில் காணும், ஒரு பக்கத்தையே கவனியாமல் விடும் கோளாறுக்கு 2 மட்டுமே.

சொல் சரியாக இருந்தும் அதன் உட்பொருள் நழுவுவதை இந்த அளவுகோல் காணாது. அந்த ஓட்டையை அடைக்க எளிதாகக் கைக்கு வருவது பழமொழிச் சோதனை. மனநோயாளரின் சிந்தனையை அளக்க 1956இல் கோர்ஹாம் இதை ஒரு முறையான சோதனையாக்கினார். மூளை பாதித்தவர்களிடமும் வைத்தியர்கள் இப்படிக் கேட்பதுண்டு. கருவி வேண்டாம், காசு வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன என்று கேட்க, ‘சேத்துக்குள்ள யானை வழுக்கி விழும்’ என்று ஒருவர் நின்றுவிட்டால், பேனைக்குப் பேர் சொல்லவைத்து அறிய முடியாத ஒன்று அங்கே தெரிந்துவிடுகிறது. படுவான்கரை போடியார் முதல் காத்தான்குடி வியாபாரி வரை வாயைத் திறந்தால் பழமொழி வரும் மட்டக்களப்பு வாவிக்கரை நாட்டில் இதைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இதற்குக் கிடைக்கும் விடையை நம்புவதில்தான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் பொருள் எழுதிப் பழகியவர் நினைவிலிருந்தே ஒப்பித்துவிடுவார். பள்ளிக்கே போகாத வேளாண்மைக்காரருக்குப் பழமொழியை இடமறிந்து எடுத்துவிடத் தெரியும், விளக்கிச் சொல்லும் வழக்கம்தான் இல்லை. முன்னவர் தேறுவதும் பின்னவர் தவறுவதும் படிப்பால் இருக்கலாம், மூளையால் அல்ல.

1977இல் எலன் வின்னரும் ஹவார்ட் கார்ட்னரும் செய்த ஆய்வு இதைவிடச் சங்கடமானது. ‘இதயம் பாரமாக இருக்கிறது’ என்பது போன்ற தொடர்களைச் சொல்லி, பொருந்தும் படத்தைக் காட்டச் சொன்னார்கள். வலது மூளை பாதித்தவர்கள் பலர், பெரியதொரு இதயத்தைச் சுமந்து தள்ளாடும் ஆளின் படத்தையே தொட்டார்கள். அது அவர்களுக்கு வேடிக்கையாகவும் படவில்லை. அதே ஆட்களிடம் வாயால் பொருள் கேட்டபோது, துக்கமாக இருக்கிறார் என்று சரியாகவே சொன்னார்கள். பேச்சிழந்த இடது மூளை நோயாளிகளோ சரியான படத்தைக் காட்டினார்கள், விளக்கத்தான் முடியவில்லை. ஆக, வாய்வழியே மட்டும் கேட்கும் பழமொழிச் சோதனை, யாரைப் பிடிக்க வைத்ததோ அவரையே நழுவவிடக்கூடும்.

படம் காட்டினால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. வலது மூளை அடிபட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் கண்ணில் பட்டும் கவனத்தில் படாது. படங்களைப் பக்கம் பக்கமாக வைத்தால் இடப்பக்கப் படம் போட்டியிலேயே இல்லை, மேலும் கீழுமாக வைக்க வேண்டும். வாசிக்கும்போது சொல்லின் இடப்பக்க எழுத்தை விட்டுவிடுவோரும் உண்டு. கொம்பை இடப்புறம் போடும் தமிழில் இதைக் கூர்ந்து பார்ப்பது நல்லது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. பழமொழிக்குப் பொருள் சொல்வது வீட்டில் யாருக்கும் தேவைப்படுவதில்லை, தேவைப்படுவது ஆளின் நோக்கம் விளங்குவது. தாய்வழிக் குடிமுறை நிலவும் மட்டக்களப்பில் கலியாணம் கட்டியவர் பெரும்பாலும் மனைவி வீட்டில்தான் வாழ்கிறார். மச்சான் மச்சாள் பகிடியோடுதான் அங்கே நாள் நகரும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தி வருபவரை மச்சாள் ‘இண்டைக்கு வெள்ளண (நேரத்தோடு) வந்திட்டீங்க கா!’ என்று இழுத்துச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொற்கள் பாராட்டு, அந்தக் ‘கா’வின் நீட்டம் நக்கல். ‘இல்ல, ரெண்டு மணியாகுது’ என்று அவர் உண்மையாகவே திருத்தினால், பழமொழி கேட்டு அறியாததை அந்த ஒரு பதில் சொல்லிவிடுகிறது.

குரலின் ஏற்ற இறக்கத்தில் உணர்ச்சியைக் காட்டும் திறன் வலது மூளைப் பாதிப்பால் கெடுவதை 1979இல் எலியட் ரோஸும் மெசுலமும் விவரித்தார்கள். அதைக் கேட்டு உணரும் திறனும் கெடலாம் என்று அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின. பகிடியின் முடிவைத் தெரிவுசெய்யச் சொன்னால் வலது மூளை பாதித்தவர்கள் வியப்பூட்டும் முடிவை எடுப்பார்கள், ஆனால் அது கதையோடு ஒட்டாது என்று 1983இல் பிரவுனெலும் கூட்டாளிகளும் எழுதினார்கள். வலது மூளை அடிபட்ட எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனவருக்குத் தன்னிடம் மாற்றமே தெரியாதிருக்கலாம். வீட்டார் அதைத் திமிர் என்றோ மறதி என்றோ எடுத்துக்கொள்வார்கள்.

‘கா’வின் இழுப்பை வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வைத்தியரால் கேட்டுப் பிரிக்க முடியாது. முன்பே பகிடி பிடிக்காத ஆளா என்பதும் அவருக்குத் தெரியாது. மனைவிக்கு இரண்டும் தெரியும். ஆகவே பழமொழி கேட்பதோடு அவளிடமும் ஒன்று கேட்க வேண்டும்: பகிடியைப் பகிடியாக எடுக்கிறாரா? நோயாளி வாட்டில் படுத்திருக்கையில் அதற்கு அவளுக்கே விடை தெரிந்திராது. வீட்டுக்குப் போய் நாலு பேரோடு பழகிய பிறகு, கிளினிக்குக்கு வரும் நாளில் கேட்டால்தான் தெரியும்.