கணினிக் கலைச்சொற்றொகுதிகள்: ஒரு மதிப்பீடு

கலைச்சொற்றொகுதியின் பணி அயன்மொழிச் சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல்லைத் தருவதோடு நிறைவுறுமா? அன்றி, அச்சொல் குறிக்கும் பொருளைக் கற்போன் உள்ளத்திற் பதியவைத்தலும் அதன் கடனா? கணினித்துறை தமிழ் வகுப்பறையுட் புகுந்தபின் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாததாயிற்று.

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டுக்குச் சொல்லாக்கம் புதியதன்று. காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர். 1936இற் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இற் பல துறைக் கலைச்சொற்களையும் நூலாக வெளியிட்டது. பின்னர் 1950களிலும் 1960களிலும் ஈழத்திலே அறிவியல் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயிற்று. அப்பொழுது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறுஞ் சொற்றொகுதிகளை அச்சிட்டு உதவியது.

இத்தொகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலச்சொல் ஒருபுறமும் தமிழ்ச்சொல் மறுபுறமுமாக அமைந்த பட்டியல்களே. அக்காலத்துக்கு அவை போதியனவாயிருந்தன. பௌதிகமும் இரசாயனமும் ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய ஆசிரியருக்குப் பொருள் முன்னரே தெரியும். அவர் வேண்டி நின்றது சொல் ஒன்றையே. பொருளறிந்தார்க்குச் சொல் தருதலே அப்பட்டியல்களின் நோக்கமாயிற்று. கணினித்துறையிலோ நிலைமை மாறுபட்டது. இங்கு மாணவன் முதலிற் சந்திப்பது சொல்லை. பொருளைப் பின்னரே காண்கிறான். ஆசிரியரும் ஆண்டுதோறும் புதியன கற்கவேண்டியவராயுள்ளார். இவர்களுக்குப் பழைய முறைப் பட்டியல் எங்ஙனம் உதவும்?

சில சொற்களை ஆராய்ந்தால் இக்குறை தெளிவாகும். ‘நெறிமுறை’ என்பது தமிழ்நாட்டு மேனிலைப் பாடநூல்களில் அல்கோரிதத்தைக் குறிக்கின்றது. இணையம்பற்றி எழுதுவோர் அதே சொல்லைப் புரோட்டொகோலுக்கும் வழங்குகின்றனர். ஆராய்ச்சியாளர் ஒழுக்கவிதிகளையும் அதுவே குறிக்கின்றது. ‘செயலி’ என்னுஞ் சொல்லின் நிலையும் இத்தகையதே. ‘நுண்செயலி’ என்ற தொடரில் அது கணினியின் மூளை போன்ற உறுப்பு. நாளிதழிலோ கைப்பேசியில் நிறுவப்படும் சிறு மென்பொருள். ஈழத்துக் கணித நூல்களில் மற்றிக்ஸ் ‘தாயம்’ எனப்படும். தமிழ்நாட்டிலே அது ‘அணி’. கணினிநூலார் அறே என்பதனையும் ‘அணி’ என்றே வழங்குதலின், தமிழ்நாட்டு மாணவனுக்கு ஒரு சொல்லே இரண்டிற்குந் தொழில்செய்கின்றது. வந்தாறுமூலையிலிருந்து சென்னை விரிவுரையொன்றை இணையத்திற் கேட்கும் மாணவன் இவற்றால் மயங்குதல் இயல்பே. பட்டியல் அவன் மயக்கத்தைத் தீர்ப்பதில்லை.

இதனிடையே அறிஞரின் ஊக்கம் எங்குச் செலவாயிற்று என்பதும் நோக்கற்பாலது. ‘கணனி’யா, ‘கணினி’யா என்ற வாதம் ஈழத்தில் நெடுங்காலம் நிகழ்ந்தது. கணனம் என்னும் வடசொல்வழி வந்தது முன்னையது. ‘கணி’ என்னும் வினையடியிற் பிறந்தது பின்னையது. பின்னையதே இன்று பாடநூல்களில் நிலைபெற்றுள்ளது. வாதம் பயனற்றதன்று. ஆயினும், ஒரு சொல்லின் வடிவத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு தானும் நூறு சொற்களின் பொருள்வரையறைக்குக் காட்டப்படவில்லை.

ஆங்கிலச் சொற்களையே கொள்ளுதல் சாலும் என்பாருமுளர். ஆங்கிலச் சிறுவனுக்கு ‘விண்டோ’ சாளரம், ‘மவுஸ்’ எலி, ‘மெமரி’ நினைவு. வீட்டிலே பயின்ற சொற்களே அவனுக்கு அத்துறையின் வாயிலைத் திறக்கின்றன. தமிழ்ச் சிறுவனுக்கோ அவை வெற்றொலிகள். ஆதலின் அவர் கூற்றும் விளக்கத்தின் தேவையை நீக்கவில்லை.

யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பாசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா தொகுத்த கணினிக் களஞ்சிய அகராதிகள் சொல்லோடு விளக்கமுந் தந்து சரியான திசையைக் காட்டின. 2001இற் தோன்றிப் பின் தமிழ் இணையக் கல்விக்கழகமெனப் பெயர்மாறிய நிறுவனம் கலைச்சொற்களை இணையத்தில் யாவர்க்கும் எட்டவைத்தது. இவற்றின் தொண்டு பெரிது. எனினும், ஈழ வழக்கையும் தமிழ்நாட்டு வழக்கையும் அருகருகே வைத்து, தமிழ்ச்சொல்லைத் தலைச்சொல்லாகக் கொண்டு, ஒத்த சொற்களின் வேறுபாட்டை எடுத்துக்காட்டால் உணர்த்துங் கைந்நூலே கற்போனுக்கு வேண்டுவது.

அத்தகைய நூல் பின்வருமாறு பேசும்: வாவியைக் கடக்கத் துறையிலிருந்து மறுதுறைவரை செய்யவேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஐயமின்றிக் கூறுதல் அல்கோரிதம். எதிரெதிரே வரும் இரு தோணிகளுள் எது எப்பக்கம் விலகுவதென இரு தோணிக்காரரும் முன்னரே உடன்பட்டிருத்தல் புரோட்டொகோல். முன்னையது ஒருவன் செய்யும் வேலையின் ஒழுங்கு. பின்னையது இருவர் தமக்குள் வகுத்த உடன்பாடு. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவன் ‘நெறிமுறை’ என்ற சொல்லை எந்நூலிற் கண்டாலும் இடம்நோக்கிப் பொருள்கொள்வான்.

படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் வரை தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைத் தமிழிற் கற்பவன், கிழக்குப் பல்கலைக்கழகத்திற் கணினியியல் பயிலப் புகுங்கால் ஆங்கிலத்தை எதிர்கொள்கிறான். தமிழிற் பொருளைத் தெளிந்தவனுக்கு அங்கே மாறுவது சொல் மட்டுமே. சொல்லை மனனஞ் செய்தவனோ அனைத்தையும் முதலிலிருந்து கற்கவேண்டும். கைந்நூலின் தரம் இவ்விடத்திலேயே அளக்கப்படும். அதனை ஆக்குதற்கு மாநாடுகளை எதிர்நோக்கியிருத்தல் வேண்டா. மாணவர் எச்சொல்லில் இடறுகின்றனர் என்பதை நாடோறுங் காண்பவர் ஆசிரியரே. அவர் தம் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் விளக்கங்கள் ஒன்றுசேர்க்கப்படின் நூலின் முதற்பகுதி ஆயத்தமாகிவிடும்.