கையெழுத்திடாத பங்காளிகள்

பினாங்கு மாநிலத்து ஜுருவில், 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவால் ஆறு கெட்டு, கோலா ஜுரு மீனவர்களின் பிழைப்பு நொடிந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. மீனவர்கள் கெராங் சிப்பி வளர்ப்பிலும் இறங்கினார்கள். அந்த ஆற்றின் நீரையும் சேற்றையும் வைத்துப் பல்கலைக்கழக ஆய்வுகள் பல வந்துள்ளன. எந்த வற்றத்தில் இறங்கினால் எந்தச் சேறு கைக்கு வரும் என்பது மீனவருக்குத் தெரியும். ஆனால் ஆய்வேடுகளில் இத்தகையவருக்குப் பொதுவாகக் கிடைப்பது நன்றியுரையில் ஒரு வரி. முனைவர் பட்ட ஆய்வுக்கு வெளியிலிருந்து யாரைப் பங்காளியாகச் சேர்ப்பது என்பதற்கு இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு வழி கண்டிருக்கின்றன. இரண்டிலும் ஜுரு மீனவரைப் போன்றவருக்கு நாற்காலி இல்லை.

இந்தியாவில் பங்காளி என்றால் பெரும்பாலும் பணம் போடுபவர். பிரதமர் முனைவர் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் ஒரு பாதி அரசுடையது, மறுபாதி நிறுவனத்துடையது. நிறுவனம் அமையாத தலைப்புக்கு அங்கே வழியில்லை. 2010இல் தொடங்கிய சென்னை ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவில் இடம்பிடிக்கும் கம்பெனி, ஐஐடியோடு சேர்ந்து வேலைசெய்து கிரெடிட் சேர்த்தாக வேண்டும். இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். காப்புரிமை யாருக்கு, கட்டுரை எப்போது வெளிவரலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தால் மாணவர் நடுவில் மாட்டிக்கொள்வது குறையும். ஊரகத்துக்கும் ஒரு வாசல் உண்டு: அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் (சிஎஸ்ஐஆர்) கல்விக்கழகமான ஏசிஎஸ்ஐஆர் வழியாக முனைவர் பட்டம் செய்பவர்கள் சிஎஸ்ஐஆர்-800 என்ற பெயரில் ஆறு முதல் எட்டு வாரம் ஊரகப் பிரச்சினை ஒன்றில் வேலைசெய்ய வேண்டும். ஆனால் அது ஆய்வேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் தனிவேலை. ஒரு மழைக்காலம்கூட அதற்குள் அடங்காது.

இலங்கையில் ஒப்பந்தத்தைவிட நிலையங்களே பெரிது. தேயிலை, தென்னை, இறப்பர் என்று பயிருக்கொரு ஆராய்ச்சி நிலையம் காலனிக் காலத்திலேயே வந்துவிட்டது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்கம் 1925. பேராதனையின் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தில் பதியும் மாணவரே சில வேளை இத்தகைய நிலையத்து உத்தியோகத்தராகவும் இருப்பார். அவர் பட்டம் பெற்ற பிறகும் கேள்வி அதே நிலையத்தில் தொடரும். ஆனால் நிலையமில்லாத விஷயத்துக்குக் கேட்பாரில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் பரிசோதனை முடிவுகள் முரண்பட்டு நின்றன. 2019இல் நாட்டின் உயர் நீதிமன்றம்தான் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கிணற்றுக்காரரை ஆய்வுக்குப் பங்காளியாக உட்காரவைக்கும் ஏற்பாடு எதுவும் அந்த முறையில் இல்லை.

பாதிக்கப்பட்டவரைச் சேர்த்தால் முடிவு அவர் பக்கம் சாயாதா என்பார்கள். பாதிப் பணம் போடும் கம்பெனிக்கு மட்டும் முடிவில் அக்கறை இல்லையா? அங்கே ஒப்பந்தம் சாய்வைக் கட்டுப்படுத்தும் என்று நம்புகிறோம்; மீனவர் கூட்டுறவோடும் அதே ஒப்பந்தம் போடலாம். மாதிரியை எங்கே, எப்போது எடுப்பது என்பதில் அவர்கள் சொல்லட்டும், பகுப்பாய்வு அவர்கள் கைபடாமல் நடக்கட்டும், முடிவு யாருக்குப் பாதகமானாலும் வெளிவரும் என்று முதலிலேயே எழுதிவிடலாம். காலம் போதாது என்ற எதிர்ப்பு இதைவிடக் கனமானது: ஊர்க்கூட்டம் கூடுமுன் உதவித்தொகையே தீர்ந்துவிடலாம். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, கேள்வியைக் கூட்டுறவுச் சங்கமும் ஆசிரியரும் வைத்துக்கொண்டு, மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதே ஆற்றின் மாதிரிகளைத் தொடர்வது. தேயிலைக்கு இலங்கை இதைத்தான் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது.