எண்ணிக்கை குறைஞ்சுது, சரி. குழந்தை சாப்பிடுதா?

ஈசினோபில் என்கிற வெள்ளணு இரைப்பையிலும் குடலிலும் கொஞ்சம் இருப்பது இயல்பு. உணவுக்குழாயில் அதற்கு வேலையே இல்லை. குழந்தைக்குத் தொந்தரவும் இருந்து, அங்கிருந்து எடுத்த பயாப்ஸியில் நுண்ணோக்கியின் ஒரு புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் தெரிந்து, வேறு காரணமும் கிடைக்கவில்லை என்றால், அதுதான் ஈசினோபிலிக் உணவுக்குழாய் அழற்சி. பெரும்பாலும் உணவு ஒவ்வாமையால் வருவது.

இந்த நோய்க்கு டூபிலுமாப் ஊசியை 1 முதல் 11 வயது வரையிலான 102 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2024-இல் நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 16 வாரத்தில் எண்ணிக்கை 6 அல்லது அதற்குக் கீழே இறங்கியவர்கள்: கூடுதல் அளவு மருந்து பெற்றவர்களில் 68 சதவீதம், குறைந்த அளவில் 58, வெறும் ஊசியில் 3. பிரமாதமான வித்தியாசம்தான், மறுக்கவில்லை.

என் குறை, வெற்றிக்கான முதல் அளவுகோலாக இந்த எண்ணிக்கையை வைத்ததில். தொந்தரவு இருந்த நாட்கள் குறைந்தனவா என்று பெற்றோரிடமும் கேட்டிருக்கிறார்கள். அது நல்ல பக்கம் சாய்ந்தது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. செய்தித் தலைப்புக்கு வருவது 68 மட்டும்தானே?

எண்ணிக்கையும் தொந்தரவும் சேர்ந்தே இறங்கும்னு நினைப்போம். அப்படி இல்லை. அதே ஆண்டு அதே இதழில், 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பென்ராலிஸுமாப் என்ற வேறொரு மருந்தைச் சோதித்த ஆய்வு வந்தது. 87 சதவீதம் பேருக்கு அணுக்கள் இறங்கின. விழுங்குவதில் இருந்த சிரமமோ வெறும் ஊசி போட்டவர்களைவிடக் குறையவில்லை. டூபிலுமாப் அழற்சியை வேறு வழியில் தடுக்கிறது, எண்டோஸ்கோபியில் தெரியும் மாற்றங்களையும் குறைக்கிறது. அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இந்த ஒரு சோதனை போதும்.

ஆய்வாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. ரெண்டு வயசுக் குழந்தை "நெஞ்சில் அடைக்குது"ன்னு சொல்லாது. துப்பும், வாந்தி எடுக்கும், இட்லியை வாயிலேயே வைத்திருக்கும். கொஞ்சம் பெரிய குழந்தை ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கும், இறைச்சியை ஒதுக்கும், எல்லோரும் எழுந்த பிறகும் தட்டோடு உட்கார்ந்திருக்கும். வீட்டில் அதற்கு "அடம்" என்று பெயர். இப்படிச் சமாளித்துப் பழகிய குழந்தையின் பெற்றோரிடம் கேட்டால், தொந்தரவு இல்லை என்றுதான் பதில் வரும். அழற்சியைக் கவனிக்காமல் விட்டால் குழாய் தடித்துச் சுருங்கும் என்பதால் அணுக்களை எண்ணத்தான் வேண்டும்.

ஆனால் அப்படி எண்ண ஒவ்வொரு முறையும் எண்டோஸ்கோபி, பெரும்பாலும் மயக்க மருந்தோடு. அவ்வளவு பாடுபடுத்திப் பெறும் தகவலோடு, ஒரு வேளை சாப்பாடு எத்தனை நிமிஷம் ஆச்சு, எத்தனை முறை தண்ணீர் கேட்டது, எந்த உணவை ஒதுக்கியது என்பதையும் முதல் அளவுகோலில் சேர்த்திருக்கலாம். ஒரு கடிகாரமும் நோட்டும் போதும்.