படியளக்கும் கை

தாராபுரத்துப் பக்கம் என் அத்தையின் கட்டுத்தறியில் நான்கு ஜெர்சிக் கலப்பு மாடுகள். கோழி கூப்பிடும் நேரத்துக்கெல்லாம் தாளிகளைக் கழுவி வரிசையாக வைத்துவிடுவார். இரவே ஊறப்போட்ட கடலைப் புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோள மாவு, உப்பு, தாது உப்புக் கலவை. சாமான் எல்லாம் ஒன்றுதான். நான்கு தாளியிலும் அளவுதான் வேறு வேறு.

உடம்பைக் காக்க ஒன்றரை முதல் 2 கிலோ கலப்புத் தீவனம், அதற்கு மேல் கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் 1 கிலோ என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாளுக்கு 10 லிட்டர் கறந்தால் ஏறக்குறைய 6 கிலோ. சினை ஏழு மாதம் தாண்டினால் இன்னும் கொஞ்சம் கூடும். அத்தையும் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறார். எனக்குப் பார்த்துச் சலிக்காதது, கன்று போட்ட மாட்டிடம் அவர் காட்டும் நிதானம்.

ஈன்று ஆறேழு வாரத்தில் பால் உச்சிக்கு ஏறிவிடும். தீனி எடுக்கும் திறன் அதற்குச் சில வாரம் பின்னால்தான் வந்து சேரும். அதுவரை மாடு தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும், இடுப்பெலும்பு துருத்தும். பதறிப்போய் மாவை அள்ளிக் கொட்டினால் வயிறு புளித்து அசை போடுவதே நின்றுவிடும். அத்தை அரைப்படி கூட்டுவார். மூன்று நாள் பொறுப்பார். பால் ஏறினால் இன்னோர் அரைப்படி. ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்வார். எத்தனை அழகான பேச்சுவார்த்தை அது!

அந்த மூன்று நாளும் சாணியை ஒரு குச்சியால் கிளறிப் பார்ப்பார். குருணை அப்படியே கிடந்தால், “இதுக்குச் செமிக்கல கண்ணு” என்று மாவைக் குறைத்துச் சோளத்தட்டைக் கூட்டுவார்.

மூன்றாவது கயிற்றில் நிற்பது தலையீத்து மாடு. பயந்த சுபாவம். பொதுத்தொட்டியில் தீனி வைத்த காலத்தில் அதன் பங்கையும் பெரிய மாடே முட்டித் தள்ளித் தின்றுவிடும். இப்போது அதற்குத் தனித்தாளி. உடம்பு வளர்த்தி இன்னும் பாக்கியிருப்பதால் கணக்குக்கு மேலே அரைப்படி. அது தின்று முடிக்கும்வரை அத்தை கழுத்தைச் சொறிந்தபடி பக்கத்திலேயே நிற்பார். தாளியின் அடியில் நாக்கு உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் பால் கேனைத் தூக்கப் போவார்.