பழைய மெஷினைக் கொன்றது யார்?

பாத்திரம் கழுவும் மெஷினை முதல் தடவை வாங்குகிறவர்கள் ஆசையில் வாங்குகிறார்கள். இரண்டாம் தடவை வாங்குகிறவர்கள் கோபத்தில் வாங்குகிறார்கள். ஆசையாவது பரவாயில்லை, கடையில் நாலு கேள்வி கேட்கும். கோபம் கேட்காது. ‘அந்தக் கம்பெனி மட்டும் வேண்டாம், வேற காட்டுங்க’ என்று ஆரம்பித்து, பழையது நின்ற அதே மூலையில், அதே குழாயில், அதே தண்ணீரில் புதுசைக் கொண்டுவந்து நிறுத்தும். அதுவும் அதே வியாதியில் சாகும்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர முடியாமல் போனபோது, இந்தியாவில் இந்த மெஷினின் விற்பனை எகிறியது. ‘நம்ம எண்ணெய்க்கும் மசாலாவுக்கும் இதெல்லாம் சரிப்படாது’ என்று அதுவரை ஒதுக்கியவர்கள்கூடக் கடைக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். அப்போது வாங்கியவற்றுக்கு இப்போது ஐந்தாறு வயது. சில நன்றாக ஓடுகின்றன. சில, மளிகைச் சாமான் வைக்கும் அலமாரியாகிவிட்டன. மாற்றலாமா, எதை வாங்கலாம் என்று பல வீடுகளில் பேச்சு.

நூற்றைம்பது ரூபாய் டிக்கெட் சினிமாவுக்கு ஆயிரம் விமர்சனம் வருகிறது. முப்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கும் மெஷினுக்கு விளம்பரம்தான் வருகிறது. ஆகவே இது ஒரு மெஷின் விமர்சனம். கதாநாயகி, கதை, வில்லன் எல்லாம் உண்டு.

முதலில் கதாநாயகி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் என்ற சிறிய ஊரில் ஜோசஃபின் காக்ரன் என்ற பெண்மணி. வீட்டில் உயர்ந்த ரகப் பீங்கான் தட்டுகள். வேலைக்காரர்கள் கழுவும்போது ஓரம் உடைகிறதே என்று அவருக்குக் கவலை. கணவர் கடனை வைத்துவிட்டு இறந்துபோக, அம்மையார் கொல்லைக் கொட்டகையில் ஒரு மெக்கானிக்கின் உதவியோடு மெஷின் செய்தார். தட்டுகளைக் கம்பிக் கூண்டில் அசையாமல் நிறுத்தி, மேலே தண்ணீரைப் பீய்ச்சுவது. 1886 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அங்கிருந்த உணவகங்களில் ஓடியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஹோட்டல்காரர்கள். வீடுகளுக்குள் இது பரவலாக நுழைய 1950-கள் ஆயிற்று.

கதை அழகான கதைதான். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். இந்த மெஷின் பிறந்தது பீங்கான் தட்டுக்காக. அந்த ஜாதகம் இன்றுவரை அதை விடவில்லை.

கடையில் சொல்வார்கள்: “பதினாலு ப்ளேஸ் செட்டிங் மேடம், ஒரே லோடுல முடிஞ்சிடும்.” ப்ளேஸ் செட்டிங் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விற்கிறவர் சிரித்து மழுப்புவார். அது ஐரோப்பிய மேஜையில் ஓர் ஆளுக்கு வைக்கும் சாமான்: ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு சூப் தட்டு, ஒரு இனிப்புத் தட்டு, கப், சாஸர், கிளாஸ், கத்தி, முள்கரண்டி, ஸ்பூன். தட்டின் விட்டம் 26 செ.மீ. வாக்கில். இதில் எங்கே இருக்கிறது நம் குழம்புச் சட்டி? பதினான்கு பேர் சாப்பிட்ட தட்டுகள் உள்ளே போகும் என்பது நிஜம். பதினான்கு பேருக்குச் சமைத்த பாத்திரங்கள் போகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததை நாம் கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது கூத்தாநல்லூருக்கு வாருங்கள். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், சுற்றிலும் நெல்வயல். ‘சின்ன சிங்கப்பூர்’ என்று டெல்டாவில் செல்லப் பெயர். தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூர், மலேசியா, பிறகு அரபு நாடுகள் என்று போய்ச் சம்பாதித்தவர்களின் ஊர். வெளிநாட்டுச் சாமான் எதுவும் இந்த மாதிரி ஊர்களுக்குச் சென்னைக்குப் பிந்தித்தான் வரும் என்று நினைத்தால், உங்களுக்கு டெல்டா தெரியாது.

அங்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சிங்கப்பூரில். பழைய மெஷின் நின்றுவிட்டது. போனில், “உம்மா, புதுசு ஒண்ணு வாங்கிடலாம், பணம் அனுப்புறேன்” என்கிறான். உம்மா என்ன சொல்வார்? “பணம் கெடக்கட்டும் தம்பி, சஹன் உள்ள போவுமான்னு கேட்டுச் சொல்லு.”

இந்த ஒரு கேள்விக்குக் கம்பெனிகளின் வழவழப்பான கையேடுகளில் பதில் இல்லை. சஹன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகலத் தட்டு. விருந்து, நோன்பு திறப்பு, விசேஷம் எல்லாவற்றிலும் அதுதான் நடுநாயகம். மெஷினுக்கு வெளி அகலமே 60 செ.மீ. உள்ளே அதைவிடக் குறைவு. நடுவில் தண்ணீர் பீய்ச்சும் கைகள் சுற்ற வேண்டும். அரை மீட்டரை நெருங்கும் சஹன் உள்ளே போனாலும் அந்தக் கைகளை மறித்துக்கொண்டு நிற்கும்; மற்றப் பாத்திரங்களுக்குத் தண்ணீர் போகாது. பிரியாணித் தேக்சாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சஹனை விடுங்கள், உங்கள் வீட்டில் அது இல்லாமல் இருக்கலாம். இட்லிக் கொப்பரை இருக்கும். அலுமினியக் குக்கர் இருக்கும். மெஷினுக்குப் போடும் பவுடர் காரம் மிகுந்தது. அலுமினியம் அதில் கறுத்துப்போகும். இரும்புத் தோசைக்கல்லில் வருஷக்கணக்காக ஏற்றிய எண்ணெய்ப் பதம் ஒரே நாளில் போய், மறுநாள் துரு. பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு, மரக் கரண்டி எல்லாம் வெளியில் நிற்க வேண்டியவை. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், இவைதான் மெஷினுக்கு உறவு. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி தொட்டி முற்றத்தில் விழும் பாத்திரங்களை ரகம் பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் எவர்சில்வர் என்றால் மெஷின் உங்களுக்கு உதவும். அப்போதும் ‘எத்தனை செட்டிங்’ என்று கேட்காதீர்கள். மேல் தட்டை எவ்வளவு உயர்த்தலாம், கீழ்த் தட்டின் கம்பிகளை மடக்க முடியுமா என்று கேளுங்கள். அதுதான் குழம்புச் சட்டிக்கு இடம் தரும். ‘கடாய்’ என்று பெயர் வைத்த புரோகிராம் என்பது, சூடான தண்ணீரில் கொஞ்சம் அதிக நேரம், அதிக வேகத்தில் அடிப்பது, அவ்வளவுதான். அது சட்டிக்கு இடத்தை உண்டாக்காது.

சரி, வில்லன்?

பிரேதப் பரிசோதனை செய்யாமல் பழைய மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். முதல் சந்தேகம் தண்ணீர் மேல். போர்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருந்தால் சூடாக்கும்போது வெள்ளையாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் பார்த்திருப்பீர்கள். அதே படிவு மெஷினின் ஹீட்டரில், பீய்ச்சும் துளைகளில். இதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு மென்னீராக்கி. பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்துக் களைத்துப்போன மணிகளுக்குத் தெம்பு கொடுக்கத்தான் உப்பு. ‘உப்பு விளக்கு எரியுது, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நாள் தள்ளினால் அது மெல்லக் கொல்லும் விஷம். சமையல் உப்பைப் போட்டுச் சிக்கனம் பிடிப்பவர்களும் உண்டு. அதில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருட்கள் அந்த மணிகளை அடைத்துவிடும்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல். கடலோரத்தை நெருங்க நெருங்க நிலத்தடி நீரில் உவர்ப்பு ஏறுகிறது. வேதாரண்யம் பக்கத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுபோனது சும்மாவா? மென்னீராக்கி கடினத் தண்ணீரைத்தான் திருத்தும். உவர்த் தண்ணீரைத் திருத்தாது. கரைந்திருக்கும் உப்பு அப்படியே உள்ளே போய், எவர்சில்வரில்கூடப் புள்ளி புள்ளியாய் அரிக்கும். அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் எந்தக் கம்பெனி மெஷினும் ஒன்றுதான். ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, கடினத்தன்மை எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கைச்செலவு கொஞ்சம்தான். நல்ல தண்ணீர்க் குழாய் இருந்தால் அதை மெஷினுக்குக் கொடுங்கள். ஒரு முழு லோடுக்குப் பத்து லிட்டர் வாக்கில்தான் குடிக்கும். இந்த விஷயத்தில் மெஷின் உத்தமம்; குழாயைத் திறந்துவிட்டுக் கையால் கழுவினால் அதற்கு மேலேயே போகும்.

இரண்டாவது சந்தேகம், தண்ணீரின் அழுத்தம். பல கையேடுகள் குறைந்தபட்சம் 0.3 அல்லது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. 0.5 பார் என்றால் மெஷினுக்கு மேலே ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். ஒற்றை மாடி வீட்டில், மொட்டை மாடித் தரையிலேயே தொட்டி இருந்தால் அது கிடைக்காது. மெஷின் தண்ணீருக்குக் காத்திருந்து, ‘எர்ரர்’ காட்டி நிற்கும். நாம் மெஷின் கெட்டுவிட்டது என்போம். மூன்றாவது, மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் முதலில் சாவது எலெக்ட்ரானிக் போர்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் பாத்திரம் கழுவியது சபீனாவும் கையும்தான்.

‘அங்கேருந்தே அனுப்பிடுறேன்’ என்று வெளிநாட்டிலிருந்து யாராவது சொன்னால் ஒரு வார்த்தை. சிங்கப்பூரிலும் துபாயிலும் நம்மைப் போல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அதற்கென்று செய்த மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும், சூடேறும். எந்த நாடாக இருந்தாலும், அந்த ஊர் கேரண்டி பெரும்பாலும் இந்த ஊரில் செல்லாது. அந்த மாடலுக்கு உதிரிபாகமும் இருக்காது.

உதிரிபாகம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல் ஒரு சட்டம். பாத்திரம் கழுவும் மெஷின் விற்கிற கம்பெனி, அந்த மாடலை நிறுத்திய பிறகும் சில உதிரிபாகங்களை 7 ஆண்டும், சிலவற்றை 10 ஆண்டும் தந்தாக வேண்டும். நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் திறந்தது. தளம் இருக்கிறது, கம்பெனிகளின் கையைக் கட்டும் அப்படிப்பட்ட சட்டம் நம்மிடம் இல்லை. ஆகவே நாமேதான் கேட்க வேண்டும்: “மன்னார்குடிப் பக்கம் உங்க மெக்கானிக் யாரு? எங்கேருந்து வருவாரு? ட்ரெயின் பம்ப் போனா எத்தனை நாள்ல கிடைக்கும்?” பதிலை பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத யோசித்தால் அடுத்த கடை. எழுதியும் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915.

பழைய மெஷினுக்கும் இதே மரியாதை கொடுங்கள். பம்ப், வால்வு, ஹீட்டர், இவை தனித்தனியாக மாற்றக்கூடியவை. விலை கேளுங்கள். புதுசின் விலையில் பாதியைத் தாண்டினால்தான் மாற்றம் பற்றி யோசிக்கலாம் என்பது என் கணக்கு.

கடைசியாக, விமர்சகன் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று. இந்த மெஷின் விளம்பரங்களில் எப்போதும் ஒரு பெண் சிரிக்கிறாள். நிஜத்தில்? 2024-ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவழிப்பது 289 நிமிடம். அதே வேலையில் கை வைக்கிற ஆண்கள் 88 நிமிடம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை 1983-ல் ஒரு புத்தகம் எழுதினார், ‘மோர் வொர்க் ஃபார் மதர்’. வீட்டுக்கு மெஷின்கள் வரவர, ஆணும் பிள்ளைகளும் வேலைக்காரரும் செய்துவந்த பங்கு கழன்று போயிற்று, அம்மாவின் பங்கு மட்டும் அப்படியே இருந்தது என்பது அவர் வாதம். நம் வீடுகளிலும் அதுதான். ‘மெஷின்தான் இருக்கே’ என்று சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுப் போகிறோம். எச்சிலை வழித்து, அடுக்கி, உப்புப் போட்டு, வடிகட்டியைக் கழுவி, திரும்ப எடுத்து வைப்பது யார்?

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் கணக்கும் இதில் சேர்த்தி. மெஷின் வந்ததும் ‘பாத்திரம் குறைஞ்சுபோச்சு’ என்று சம்பளத்தில் கை வைக்கிறார்கள். குறைந்தது தட்டும் டம்ளரும். மிஞ்சியது அடிப்பிடித்த சட்டியும் தேக்சாவும். லேசானதை மெஷின் எடுத்துக்கொண்டு கனமானதை அவருக்கு விட்டிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் கூலி குறையக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு: மெஷின் நல்ல மெஷின். தண்ணீரும் அழுத்தமும் மெக்கானிக்கும் சரியாக இருந்தால் வாங்குங்கள். ஒரு நூலால் வீட்டின் பெரிய பாத்திரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அந்த நூலை விற்கிறவர் முன்னாலேயே மெஷினுக்குள் பிடித்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். சிக்கனப் புரோகிராம் ஓடி முடிய மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை வீட்டு ஆண்களுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா?

சஹன் வெளியில்தான் ஊறிக்கொண்டிருக்கிறது.