முள் சொல்லும் வாக்கு

1950ஆம் வருடத்து ஷெவர்லே பிக்கப் ஒன்றில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். எதிரே தகர டேஷ்போர்டு. அதில் பதித்த இரண்டே வட்டங்கள். ஒன்று வேகத்தைச் சொல்லும். மற்றொன்றுக்குள் நான்கு முட்கள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன: பெட்ரோல், ஆயில் அழுத்தம், எஞ்சின் சூடு, பேட்டரி மின்னோட்டம். 1947 கோடையில் வெளிவந்து ‘அட்வான்ஸ் டிசைன்’ எனப் பெயர்பெற்ற வரிசையில் 1953 வரை இந்த ஜோடி வட்டங்கள் தொடர்ந்தன. அமெரிக்கப் பண்ணைகளில் வைக்கோலும் தீவன மூட்டையும் சுமந்த வண்டிகளை இன்று ஆசையாக மீட்டெடுக்கிறார்கள். அவற்றின் பெயின்ட் பளபளப்பும் குரோம் மினுக்கும் எனக்கும் பிடிக்கும். ஆனால் செய்தவரின் கை எப்படிப்பட்டது என்று அறிய நான் முதலில் குனிந்து பார்ப்பது இந்த வட்டங்களைத்தான். பெயின்ட் ஊருக்காக, மீட்டர் ஓட்டுபவருக்காக. யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் எடுத்துக்கொள்ளும் சிரத்தைதான் கைத்தொழிலின் உரைகல்.

அந்த ஆயில் முள்ளுக்குப் பின்னால் மின்சாரம் கிடையாது. எஞ்சினிலிருந்து சன்னமான குழாய் வழியாக ஆயிலே டேஷ்போர்டு வரை ஏறி வந்து முள்ளைத் தள்ளுகிறது. உள்ளே இருப்பது பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைந்த உலோகக் குழல். திருவிழாக் கடையில் வாங்கும் காகித ஊதல், ஊதினால் சுருள் பிரிந்து நீளுமே, அதே தத்துவம். அழுத்தம் ஏறினால் குழல் லேசாக நிமிரும். அந்த நிமிர்வை முள் பெரிதாக்கிக் காட்டும்.

சூட்டைக் காட்டும் முள் இன்னும் நுட்பமானது. எஞ்சினில் செருகிய சிறு குமிழுக்குள் ஈதர் திரவம் இருக்கிறது. எஞ்சின் சுட்டால் ஈதர் ஆவியாகி, தலைமுடிபோன்ற துளையுள்ள குழாய் வழியே முள்ளை அழுத்துகிறது. குமிழ், குழாய், மீட்டர் மூன்றும் பிரிக்க முடியாத ஒரே உடம்பு. இதை அறியாதவர்கள் மீட்டரைக் கழற்றும் அவசரத்தில் குழாயைக் கத்தரித்துவிடுவார்கள். ஈதர் பறந்துவிடும்; முள் அன்றோடு ஊமை.

அந்த ஊமையைப் பேசவைப்பதுதான் இந்தக் கலையில் நான் மிகவும் ரசிக்கும் வேலை. விலை குறைந்த புதிய மீட்டர் ஒன்றை வாங்கி, குல்ஃபி வண்டிக்காரர் செய்வதுபோல ஐஸில் உப்பைக் கொட்டி, அதன் குமிழை உள்ளே புதைக்கிறார்கள். ஈதர் கொதிப்பது சுமார் 35 டிகிரி செல்சியஸில். நம் ஊர்க் கத்திரி வெயிலே போதும். உப்பு ஐஸின் குளிரிலோ அது முழுவதும் திரவமாகிக் குமிழுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் புதுக் குழாயை வெட்டி, பழைய மீட்டரின் குழாயோடு சேர்த்து, மேலே மெல்லிய பித்தளை உறை மாட்டி ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் சுடர் கூடாது. சூடேற்றிய பற்றுக்கோல் மட்டும். குழாயின் துளைக்குள் ஒரு சொட்டு ஈயம் இறங்கினாலும் எல்லாம் வீண். முடிந்ததும் குமிழைக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். முள் மெல்ல எழுந்து 212 பாரன்ஹீட்டுக்குரிய இடத்தில் நின்றால், எழுபது வருடத்துப் பழைய முகத்துக்குள் உயிர் திரும்பிவிட்டது.

மிச்ச இரண்டு முட்களும் மின்சாரத்தால் ஆடுபவை. பெட்ரோல் முள்ளை இரண்டு கம்பிச்சுருள்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. தொட்டியிலுள்ள மிதவையின் மின்தடை எந்தப் பக்கம் வெல்வது என்று தீர்மானிக்கிறது. காலித் தொட்டிக்குத் தடை ஏறக்குறைய பூஜ்யம்; நிறைந்த தொட்டிக்கு 30 ஓம். ஆகவே தொட்டிக்குப் போகும் கம்பி அறுந்தால் முள் ‘நிறைந்திருக்கிறது’ என்று பொய் சொல்லும். துருவேறிய ஒரு கம்பிமுனையும் அந்தப் பக்கமே பொய்யைத் தள்ளும். நல்ல கைவினைஞர் மீட்டரைத் தொடுவதற்கு முன் தொட்டியின் தரைக்கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது இதனால்தான்.

முகத்தைத் துலக்குவதில் தேவைப்படுவது அடக்கம். தட்டில் அச்சிட்ட எண்கள் ஈரத்துணியின் ஒரே வீச்சில் கரைந்து போகலாம். மென்மையான தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும். வெளிறிய முள்ளுக்குப் புது வண்ணம் பூசும்போதும் மெல்லிய ஒரு பூச்சுதான். கனம் கூடினால் முள்ளின் சமநிலை போய்விடும். ஆனால் கூட்டின் உட்புறத்துக்குத் தாராளமாக வெள்ளை அடிக்கலாம். பல்பின் ஒளி அந்த வெள்ளையில் பட்டுத்தான் தட்டின்மேல் பரவுகிறது. இரவில் மீட்டர் மங்கலாகத் தெரிகிறது என்று பெரிய பல்பு தேடுபவர்கள் பலர். மஞ்சளித்த உள்சுவரை மறுபடி வெள்ளையாக்குபவர் நோயின் மூலத்தை அறிந்தவர்.

ஸ்பீடாமீட்டர் தனி வித்தை. கேபிள் சுழற்றும் காந்தம் ஒன்று. அதைத் தொடாமல் கவிந்திருக்கும் அலுமினியக் கிண்ணம் ஒன்று. அதைப் பின்னுக்கு இழுக்கும் மெல்லிய சுருள்வில் ஒன்று. 1902இல் ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அமெரிக்க வண்டிகளில் வழக்கமாக ஒரு மைலுக்குக் கேபிள் 1000 சுற்று. அதாவது நிமிடத்துக்கு 1000 சுற்று சுழற்றினால் முள் 60ஐக் காட்ட வேண்டும். மேசையிலேயே வைத்துச் சோதித்துவிடலாம். ஓடிய மைல்களைச் சொல்லும் எண்சக்கரங்களுக்குச் சட்டமே காவல்: 1972 முதல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அவற்றைத் திருத்தி ஏமாற்றுவதைத் தடுக்கிறது. பழுதுபார்த்தபின் பழைய கணக்கை வைக்க இயலாவிட்டால் பூஜ்யத்தில் தொடங்கி, இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

இனி, உரிமையாளர் தன் விருப்பப்படி மாற்றியமைக்கும் கதைக்கு வருகிறேன். பழைய வடிவம் குலையக்கூடாது என்போர் ஒருபுறம். என் வண்டி, என் இஷ்டம் என்போர் மறுபுறம். எனக்கு இரண்டு தரப்பும் முக்கியமான ஒன்றை விட்டுவிடுவதாகவே தோன்றும். அன்றைய 216 கன அங்குல எஞ்சின் குறைந்த ஆயில் அழுத்தத்தில் ஓடுவது; அதன் மீட்டர் 30 பவுண்டோடு முடிந்துவிடும். அந்த இடத்தில் புதிய வி8 எஞ்சினைப் பொருத்தினால் முள் எப்போதும் கோடியில் முட்டிக்கொண்டே நிற்கும். 6 வோல்ட் வண்டி 12 வோல்ட்டாகி ஆல்டர்னேட்டர் ஏறினால், 30 ஆம்பியர்வரை மட்டுமே காட்டும் பழைய முள்ளால் அதன் மின்னோட்டத்தைத் தாங்க முடியாது. பின் அச்சின் பல்விகிதத்தையோ டயரின் அளவையோ மாற்றினால் வேகக்கணக்கும் தவறும். முகம் மாறாமல் இருக்கிறது, சொல் பொய்யாகிவிட்டது.

இங்கே ஒரு நல்ல கை செய்வதைப் பாருங்கள். அழுத்த முள்ளின் உள்ளுறுப்பை மாற்றி, தட்டில் 30 இருந்த இடத்தில் 60 எழுதுகிறது; அந்த 6, அன்றைய அச்செழுத்தின் அதே வளைவோடு, அதே தடிமனோடு. ஆம்பியர் முள்ளின் இடத்தில் வோல்ட் முள் வருகிறது, அதே உயரத்து எழுத்தோடு. கேபிள் வழியில் சிறு பல்சக்கரப் பெட்டி ஏறி வேகத்தை நேராக்குகிறது. பார்ப்பவருக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியாது. மிச்சிகனின் பாய்ன் சிட்டியிலுள்ள கிளாசிக் இன்ஸ்ட்ரூமென்ட்ஸும் தெற்கு டகோட்டாவின் டகோட்டா டிஜிட்டலும் இதே குழிகளில் அமரும் புது மின்னணு மீட்டர்களைச் செய்கின்றன. துல்லியமானவை, தினமும் ஓட்டுபவருக்கு உகந்தவை. அவற்றை நான் குறைசொல்ல மாட்டேன். மாற்றிய எஞ்சினைப் பற்றி உண்மை சொல்லும் எந்த மீட்டரும் மரியாதைக்குரியதே.

ஆனாலும் என் மனம் ஈதர் குழாயிடமே திரும்புகிறது. நீண்ட தூரம் ஓட்டி வந்து சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துங்கள். ஆயில் முள் சரிந்துவிடும். ஆம்பியர் முள் நடுவில் ஓய்ந்துவிடும். பெட்ரோல் முள் பிடியிழந்துவிடும். சூட்டின் முள் மட்டும் அசையாது நிற்கும். ஓடாத தண்ணீரில் சூடு தேங்குவதால் சற்று ஏறவும் செய்யும். பிறகு, இரும்பு ஆறும் வேகத்திலேயே தானும் இறங்கும். வண்டியில் எல்லாம் உறங்கிய பின்னும், இருட்டில், பார்க்க ஆளில்லாத நேரத்திலும், எஞ்சின் இன்னும் சுடுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.